காலாவதியாகிப் பதினொரு நாள்

நீங்க கிளமென்ட் சாரோட சம்சாரம்னு கேட்டுக்கு வெளியில நிக்கும்போதே சொல்லியிருக்கலாமுங்க அம்மிணி. நானு பேப்பர்க்காரங்க யாரோன்னு நெனைச்சுக்கிட்டு வெயில்ல நிக்க வெச்சுட்டேன். இன்னைக்கு யாரு வந்தாலும் கேட்டைத் தொறக்காதேன்னு எங்கூட்டுக்காரர் சொல்லிட்டுப் போயிருக்கார். உங்களுக்கு அது பொருந்துமா. வாங்க, உள்ள வந்து உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். ரெண்டு வருசமா ஆடுது. ஆகாயத்துல பறக்குறதைக் கட்டத் தெரிஞ்ச மனுசனுக்குச் சேருக்கு ஒரு ஆணி அடிக்க நேரமில்லை.

உங்க வீட்டுக்காரர் பை பத்திரமா இருக்குதுங்க. அதுக்காகவா தூத்துக்குடியில இருந்து பஸ் ஏறி வந்தீங்க, ஒரு கடுதாசி போட்டிருந்தா நாங்களே அனுப்பியிருப்போமே. போட்டீங்களா? மூணு கடுதாசியா? எனக்குத் தெரியாதுங்க. எங்கூட்டுக்காரர் படிச்சுட்டு எங்கயாவது வெச்சிருப்பார். அவருக்கு இந்த ரெண்டு வருசமா வேற நெனைப்பே இல்லை. பையில ரெண்டு சட்டை, ஷூ, உங்க வேத புஸ்தகம், எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்குது. ஒரு டப்பா மக்ரூன் இருந்துச்சு, எறும்பு வந்துரும்னு அதை மட்டும் எடுத்துட்டேன்.

மணி என்னங்க, ஒன்பதரையா. அப்பச் சரி. பத்தே காலுக்குத்தான்.

என்ன பத்தே கால்னு கேக்கறீங்களா. இன்னைக்குத்தானுங்க எங்கூட்டுக்காரர் பறக்குறார். ஆமா, உங்க வீட்டுக்காரர் ஓட்டின அதே விமானத்துலதான். கொளத்துல இருந்து தூக்கிட்டு வந்து, ஒடைஞ்சதெல்லாம் மாத்தி, மறுக்கா கட்டினார். இதுவரைக்கும் அவர் கட்டினதை அவர் ஒரு தாட்டி கூட ஓட்டினதில்லை. இன்னைக்குத்தான் மொத மொத. நீங்க பாத்து இன்னைக்கு வந்திருக்கீங்க. அது என்ன பொருத்தமோ எனக்குத் தெரியலை. காலையில இருந்து எனக்கு வலது கை ஒரே மதமதப்பா இருக்குது. அம்மில அரைச்சதுனாலயா இருக்கும்.

ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்கக் கூடாது. எங்களுக்கு உங்க வீட்டுக்காரர் மேல கோவம் உண்டு. செத்தவங்க மேல கோவப்படக் கூடாதுதான். ஆனா அவர் எங்களை ஏமாத்திட்டாருங்க. ஓட்டற அனுமதி, அந்த ரேட்டிங், முடிஞ்சு போன மனுசன், முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சே போயி விமானத்துல உக்காந்தார் பாருங்க, அதைத்தான் என்னால பொறுக்க முடியலை. விசாரிக்க வந்த ஆபீசருங்க எழுதின காகிதத்துல அதுதானுங்க மொத வரி. விமானம் விழுந்த அன்னைக்கு விமானியோட ரேட்டிங் காலாவதியாகிப் பதினொரு நாள். நான் இங்கிலீசு படிக்க மாட்டேன், இவர் படிச்சுக் காட்டினார். அந்த வரியை எனக்கு மூணு தாட்டி படிச்சார்.

உங்களுக்கு அந்தக் காகிதத்தைக் காட்டினாங்களா? அப்ப உங்களுக்கே தெரியும். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. உங்க பையன்கிட்டப் பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்களா? பசங்க வாய் அப்படித்தானுங்க. லைசென்சு இல்லாம ஓட்டினவரு பையன்னு சொல்றாங்களா. ம். லைசென்சு இருந்துச்சு, ரேட்டிங்தான் இல்லை. அது வேற, இது வேற. பசங்களுக்கு அது புரியுமா.

எனக்கே ஆறு மாசம் ஆச்சு புரிய.

எங்கூட்டுக்காரர் மருதாசலத்தை உங்களுக்குத் தெரியாது. முப்பது வருசமா மோட்டார் பம்ப் பட்டறை. அந்தப் பக்கம் தகரக் கொட்டகை தெரியுதில்லைங்க, அதேதான். அம்பது வயசுல இவருக்கு இந்தக் கிறுக்குப் புடிச்சுது. வெளிநாட்டுல இருந்து பெட்டி பெட்டியா சாமான் வந்துச்சு. கல்யாணச் சீர் வர்றாப்புல ஊரே வந்து வேடிக்கை பாத்தாங்க. இறக்கை மடிக்கிற மாதிரி ரெண்டு சீட்டு விமானம். ஆறு வருசம் கட்டினார். துணியை இறக்கையில இழுத்து ஒட்டுறப்ப ஒரு பக்கம் நான்தான் புடிச்சேன். பசை நாத்தத்துல மூணு நாள் சோறு இறங்கலை.

கட்டி முடிச்சு, எங்க ஊர் மில்லுக்காரங்க எந்தக் காலத்துலயோ போட்ட ஓடுபாதை ஒண்ணு கொளத்தோரமா இருக்குது, அதைப் பேசி வாங்கி, எல்லாம் ஆச்சு. அப்பத்தானுங்க சட்டம் குறுக்க வந்துச்சு. இவர்கிட்ட லைசென்சு இருக்குது. ஆனா விமானக் கிளப்புல இவர் கத்துக்கிட்டது மூக்குல சக்கரம் வெச்ச விமானம். இவர் கட்டினது வால்ல சக்கரம் வெச்சது. அது தரையில ஓடும்போதே கட்டுக்கு அடங்காத காளையாட்டத் திரும்பிக்குமாம். அதுக்குத் தனியா ஒரு ரேட்டிங் வேணுமாம்.

சரி, வாத்தியார் ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சு இதுலயே கத்துக்கிறேன்னு கேட்டார். அதுவும் கூடாதுன்னுட்டாங்க. வீட்டுல கட்டின விமானம் மொத நாப்பது மணி நேரம் ஒத்தை ஆளோடதான் பறக்கணுமாம், பக்கத்துல யாரும் உக்காரக் கூடாதாம். பாருங்க இந்தக் கூத்தை. ரேட்டிங் இருந்தாத்தான் தனியா ஓட்டலாம். ரேட்டிங் வாங்க வாத்தியார் வேணும். வாத்தியாரை ஏத்தக் கூடாது. தோசைக்கல்லை அடிச்சவன் தோசை சுடக் கூடாதுங்கற கதை. ஒரு மாசம் இவர் யார்கிட்டயும் பேசலை. கொட்டகையில போயி அந்த சீட்டுல உக்காந்துக்குவார். சோறு கொண்டு போனா அங்கயே சாப்புடுவார்.

அப்பறம்தான் யாரோ சொல்லி உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தாங்க. வால் சக்கர ரேட்டிங் இருக்குது, பொறுமையான மனுசன், நாப்பது மணி நேரத்தையும் இவரே ஓட்டிக் குடுத்துருவார்னு.

பொறுமையான மனுசன்தானுங்க, நான் இல்லைன்னு சொல்லலை. ஆவணி கடைசியில வந்தார். மாடி ரூமுலதான் தங்கினார். சாப்பாட்டுல ஒரு குத்தம் சொன்னதில்லை. எங்க ஊர்க் கொள்ளுப் பருப்பை ரெண்டு தாட்டி வாங்கிச் சாப்புடுவார். என்னை அக்காம்பார். ஒரு நாள், 'அக்கா, உங்க வீட்டுக்காரர் என்னைப் பாக்குற பார்வை, பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு மாப்பிள்ளையைப் பாக்குற மாதிரி இருக்குது'ன்னு சொன்னார். நான் சிரிச்சுட்டேன். இவர் சிரிக்கலை.

ஒன்பது தாட்டி பறந்தாருங்க. ஒன்பது தாட்டியும் பூவாட்டம் இறக்கினாராம். இவரே சொல்லுவார், வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டு. அந்த ஒன்பது தாட்டியும் நான் பறக்குற எடத்துக்குப் போனதில்லை, இந்த மாடியில நின்னுதான் பாப்பேன். ஒன்பதாவது பறந்தது புரட்டாசி மொத வாரத்துல. அப்ப கார்பரேட்டர்ல ஒரு சாமான் தேஞ்சு போச்சு. அது வர்றதுக்குள்ள உங்க வீட்டுக்காரருக்கு ரேட்டிங் தேதி முடியப் போகுதுன்னு சொன்னார். வருசத்துக்கு ஒருக்கா போயி ஒருத்தர்கிட்டப் பறந்து காட்டிட்டு வரணுமாம். செப்டம்பர் முப்பது கடைசி. நாலு நாள்ல போயிட்டு வந்துர்றேன் அண்ணான்னார்.

இவர், 'சாமான் நாளைக்கு வந்துரும், நாளன்னைக்கு வந்துரும். ஐப்பசி மழை புடிச்சா ஓடுபாதை சேறாயிரும். இருந்து இன்னும் நாலு மணி நேரம் பறந்து குடுத்துட்டுப் போங்க'ன்னு புடிச்சு நிறுத்தினார். நானும் விடலைங்க. பையைத் தூக்கிட்டு மாடிப்படி இறங்கின மனுசனை, இன்னைக்குக் கோழி அடிச்சிருக்கேன், நாளைக்குப் போலாம்னு சொல்லிப் பையை வாங்கி நானே மாடியில கொண்டு போயி வெச்சேன். அவ்வளவு பாசமா வெச்சுக்கிட்டோம் அவரை. இப்ப நெனைச்சாலும் ஆத்த மாட்டாம இருக்குது. அப்படி வெச்சுக்கிட்டவங்களுக்கு இப்படிப் பண்ணிட்டாரே.

காப்பி ஆறிப் போவுதுங்க. குடிங்க.

கேளுங்க, என்ன கேக்கணும்? கடைசியா வயர்லெஸ்ல என்ன சொன்னாரா? உங்களுக்கு யாரும் சொல்லலியா. அட கடவுளே. ரெண்டு வருசமா அதைக் கேக்கத்தான் கடுதாசி போட்டீங்களா. நானு அப்ப ஓடுபாதை ஓரத்துல, இவர் பக்கத்துலதான் நின்னேன். இவர் கையிலதான் வயர்லெஸ் பெட்டி. கரகரன்னு கேட்டுச்சு. 'வேகம் காட்டலை. முள் அசையலை.' அதை மூணு தாட்டி சொன்னார். இவர், 'தரையில ஓடும்போது பாக்கலியா'ன்னு கத்தினார். 'பாக்குறதுக்குள்ள தூக்கிருச்சு, முன்னால பாதை இல்லை'ன்னார். அப்பறம் நிதானமாத்தான் சொன்னார், 'பரவாயில்லை, சுத்தி வந்து இறங்கிக்கிறேன்'னு. அவ்வளவுதானுங்க. கொளத்து மேல திரும்பினார். திரும்பும்போது ஒரு பக்க இறக்கை கீழ சரிஞ்சுது. சரிஞ்சது நிமிரலை.

அழாதீங்க. நான் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

வேகம் ரொம்பக் கொறைஞ்சா இறக்கை புடிப்பை விட்டுருமாம், அப்பறம் கல்லுதானாம். வேகம் கொறையறது தெரியாம எப்படிங்க ஒருத்தர் ஓட்டுவார்? அங்கதான் ரேட்டிங் வருது. மூணு நாள் கழிச்சு விமானத்தை மேல இழுத்தாங்க. வேகம் காட்டற மீட்டருக்குக் காத்து போற குழாய் ஒண்ணு இறக்கைக்கு அடியில இருக்குது, சுண்டு விரல் மொத்தம். அது வழியாக் காத்துப் போனாத்தான் முள் அசையுமாம். ஆபீசர் அதைக் கழட்டி வாயில வெச்சு ஊதினார், நான் பாத்தேன். மறுபக்கம் கொளத்துத் தண்ணியோட காத்து வந்துச்சு. சுத்தமா இருந்துச்சு குழாய். மீட்டரையும் சோதிச்சாங்க, அதுவும் நல்லா இருந்துச்சு. அப்ப என்னங்க அர்த்தம்? விமானத்துல கோளாறு இல்லை. மனுசன்கிட்டத்தான் கோளாறு. பழக்கம் விட்டுப் போயி, பதறி, முள்ளை ஒழுங்காப் பாக்கலைன்னு எழுதிட்டாங்க.

நானே கணக்குப் போட்டுப் பாத்தேன். ரேட்டிங் இருந்தவரைக்கும் ஒன்பது தாட்டி பறந்தார், ஒண்ணும் ஆகலை. ரேட்டிங் முடிஞ்சு மொத தாட்டி ஏறினார், விழுந்துட்டார். இதுக்கு மேல என்னங்க வேணும். அந்தக் காகிதத்துல ஏதோ ஒரு காப்பு இருக்குதுங்க. சும்மாவா சர்க்கார் முத்திரை குத்திக் குடுக்குறாங்க.

தேதி முடிஞ்சது தெரியாம ஏறினாரான்னா, தெரியும். அன்னைக்குக் காலையில கூட இவர்கிட்டச் சொன்னார். 'அண்ணா, காகிதம் முடிஞ்சு போச்சு, நான் ஓட்டக் கூடாது'ன்னார். இவர், 'நோம்பி லீவு அதுவுமா எந்த ஆபீசர் வந்து பாக்கப் போறான், ஒரே ஒரு சுத்து, சாமான் மாத்தினது சரியா இருக்குதான்னு பாத்துட்டு இறங்கிருங்க'ன்னார். அதுக்கும் மாட்டேன்னார். அப்பறம் இவர் பேசாம திரும்பிக்கிட்டார். இவர் பேசாம இருந்தார்னா எதிராளியால தாங்க முடியாதுங்க, அது எனக்குத் தெரியும். கிளமென்ட் சார் சரிண்ணான்னுட்டு ஏறப் போயிட்டார். மாட்டேன்னா மாட்டேன்னு நிக்க வேண்டியதுதானே. சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணா.

இதையெல்லாம் ஆபீசர்கிட்ட நாங்க சொல்லலைங்க. எதுக்குச் சொல்லணும். போன மனுசனைப் பத்திப் பேசினா பாவம். அவர் ரேட்டிங் முடிஞ்சது எங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் எழுதிக் குடுத்தோம்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க. உங்க வீட்டுக்காரர் பேரைக் காப்பாத்தத்தான்.

அதுக்கப்பறம் இவர் ஒரே வைராக்கியமாயிட்டார். இனி ஒருத்தன் கையை நம்பறதில்லைன்னுட்டார். பட்டறையைத் தம்பிகிட்ட ஒப்படைச்சுட்டு வடக்க ஒரு கிளப்புல போயி உக்காந்தார். அம்பத்தேழு வயசுல, பேரன் வயசுப் பசங்களோட. வால் சக்கர விமானத்துல ஏத்தி, இறக்கி, ரெண்டு தாட்டி பெயிலாகி, மூணாவது தாட்டி வாங்கிட்டு வந்தார். வந்த அன்னைக்கு அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குக் கீழ வெச்சுக் கும்பிட்டோம். அங்க பாருங்க, கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது. அது நகலு. அசல் அவர் பையில. போன வாரம் பூரா அந்தத் தேதியைத்தான் எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தார். கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருக்கா, போடாம ஒருக்கா.

இந்தத் தாட்டி ஒரு கொறையும் வெக்கலைங்க. ஆபீசர் வந்திருக்கார், நேரா ஓடுபாதைக்கே. காகிதமெல்லாம் நேத்தே பாத்துட்டாராம், ஒரு புள்ளி தப்பில்லைன்னாராம். நானும் என் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன்.

என் பங்கா? பூசைதானுங்க. பொட்டு வெக்கிறதுதான்.

எங்க பட்டறையில வருசா வருசம் ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் வெப்பேன். கடசல் மிசினு, மோட்டாரு, ஸ்பேனரு, தராசு, ஒண்ணு விடாம. நீங்க வேற வழக்கம், உங்களுக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரர் விழுந்த அன்னைக்கும் அதே நோம்பிதான். அன்னைக்குத்தான் மொத தாட்டி நான் தட்டை எடுத்துக்கிட்டு ஓடுபாதைக்குப் போனேன். கட்டி முடிச்சதுல இருந்து அந்த விமானத்துக்கு யாரும் ஒரு பொட்டு வெச்சதில்லை, அது என் மனசை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் ஒரு அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு விமானத்தைச் சுத்திச் சுத்தி வந்து எல்லாம் தொட்டுப் பாத்து முடிச்சிருந்தார். நான் தட்டோட வந்ததும், 'வாங்கக்கா, உங்க வேலையைப் பாருங்க'ன்னு ஷூவைக் கழட்டி வெச்சுட்டுத் தள்ளிப் போயி நின்னுக்கிட்டார். கையைக் கூடக் கட்டிக்கிட்டார். வேற சாமி கும்புடற மனுசன், எவ்வளவு மரியாதை பாருங்க.

முன்னால சுத்துற விசிறிக்கு வெச்சேன். மூணு சக்கரத்துக்கும் வெச்சேன். வாலுக்கு வெச்சேன். அப்பறம் அந்தக் குழாய்க்கு.

எந்தக் குழாயா? அதேதானுங்க, இறக்கைக்கு அடியில. அதுக்கு ஒரு செவப்புத் துணிச் சட்டை தெச்சு மாட்டி வெச்சிருப்பார் இவர், பூச்சி உள்ள பூந்துராம. பறக்கறப்ப மட்டும் கழட்டுவாங்க. ஒரு பூச்சிக்கு இவ்வளவு பயப்படறாங்கன்னா அது எவ்வளவு முக்கியமானதா இருக்கணும். முக்கியமான எடத்துக்குத்தானுங்க பொட்டு வெக்கணும். கல்லுல சந்தனக் கட்டையை இழைச்சு, அம்மியில நல்லா மசிச்சு, கெட்டியாத்தான் கொண்டு போயிருந்தேன். மேல போனா காத்துல உதுந்துருமில்ல. அதனால குழாய் வாயில வெச்சு விரல் நுனியால அமுக்கி, நல்லாப் புடிச்சுக்கற மாதிரி. அதுக்கு மேல ஒரு குங்குமம். கிளமென்ட் சார் அப்பறம் ஷூவைப் போட்டுக்கிட்டு நேரா ஏறிட்டார்.

ஆபீசர்கிட்டச் சொன்னோமாவா? பொட்டு வெச்சதையெல்லாமா அம்மிணி ஆபீசர் கேப்பார். அவர் வர்றப்ப சந்தனம் ஏது. மூணு நாள் கொளத்துல கெடந்துச்சு, எல்லாம் கரைஞ்சு போச்சு. குழாய் பளிச்சுன்னு இருந்துச்சுன்னுதான் சொன்னேனே.

ஏனுங்க, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு. தண்ணி குடுக்கட்டுமா.

இன்னைக்கா? இன்னைக்கு வெக்காம இருப்பேனா. ஆனா ஓடுபாதைக்கு வராதே, ஆபீசர் இருப்பார், பொம்பளைங்க வந்தா நல்லாருக்காதுன்னு இவர் சொல்லிட்டார். அதனால விடியக் கருக்கல்லயே, இவர் குளிக்கப் போன நேரமாப் பாத்துக் கொட்டகைக்குப் போயி எல்லாத்துக்கும் வெச்சுட்டேன். அந்தச் செவப்புச் சட்டையைக் கழட்டி, குழாய்க்கு வெச்சுட்டு, மறுபடி சட்டையை மாட்டிட்டேன், அழியாம இருக்கட்டும்னு. போன தாட்டியை விட நல்லாவே வெச்சேன். உள்ள வரைக்கும். இந்நேரம் காஞ்சு இறுகியிருக்கும்.

இவருக்குத் தெரியுமாவா. சக்கரத்துலயும் விசிறியிலயும் பாத்தார், ஒண்ணும் சொல்லலை. முப்பது வருசமா அவர் தொடற சாமான் எல்லாத்துலயும் என் சந்தனம்தான் இருக்குது, அதைப் போயி அவர் கவனிப்பாரா. குழாயைப் பாத்தாரான்னு எனக்கு எப்படித் தெரியும். ஏழு மணிக்கே இறக்கையை மடிச்சு டிராக்டர்ல கட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க.

போன் எதுக்குங்க? அவர் நம்பரா? அவர் போன் இங்கதான் இருக்குது, பாருங்க, அந்த ஜன்னல்ல. பறக்குற அன்னைக்குக் கையில வெச்சுக்க மாட்டேன்னுட்டார். ஆபீசர் நம்பர் என்கிட்ட இல்லை. டிராக்டர்க்காரன்கிட்ட இருக்கும், அவனும் அங்கதான். இருங்க, எங்க போறீங்க. பை வேண்டாமா? பை மேல இருக்குதுங்க, எடுத்துத் தர்றேங்கறேன்.

அம்மிணி, சொன்னாக் கேளுங்க. கையை விடுங்க. நான் எதுக்கு வரணும். அவர் வரக் கூடாதுன்னு சொன்ன எடத்துக்கு நான் வர மாட்டேன். என்ன, பொட்டு வெச்சது உங்களுக்கு ஆகலியா? உங்க சாமி வேற, எங்க சாமி வேறதான், அதுக்காக ஒரு பொட்டுல என்ன வந்துச்சு. என்ன சொல்றீங்க, காத்துப் போகாதா? போகும் போகும். அதெல்லாம் ஆபீசர் ஊதிப் பாத்தாச்சு. நீங்க ஆபீசரா.

பாத்துங்க, வாசப்படி. ஓடாதீங்க, நாலு கிலோமீட்டருங்க அது. கொளத்துக் கரை வழியா நடந்து போயி எப்பச் சேருவீங்க. நீங்க வந்த ஆட்டோ அப்பவே போயிருச்சு. மணி பத்தே காலாச்சு. அங்க போயி நின்னுக்கிட்டு அழுது அபசகுனம் பண்ணிராதீங்க அம்மிணி, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். உங்களுக்கு எரிச்சலா இருக்கும், உங்க வீட்டுக்காரர் முடிக்காம விட்டதை எங்கூட்டுக்காரர் முடிக்கப் போறார். எரியத்தான் செய்யும். எனக்குப் புரியுது.

கேக்குதுங்களா. அதுதான், இன்ஜின் சத்தம். பாத்தீங்களா, கிளம்பிட்டார். நில்லுங்க, இங்க இருந்தே தெரியும், அந்தத் தென்னை மரத்துக்கு மேல வருவார். பயப்படாதீங்க அம்மிணி. இவருக்கு ரேட்டிங் இருக்குது. அடுத்த ஆடி வரைக்கும் செல்லும்.